பேருந்து மோதலுக்குப் பிறகு: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு காலை

தம்பி (காலை 6.40): நேற்று இரவு நான் வந்துகொண்டிருந்த பேருந்து, முன்னால் நின்றிருந்த லாரியின் பின்புறத்தில் மோதிவிட்டது. யாரும் பதற வேண்டாம், எனக்கு ஒன்றும் இல்லை. சாலையோரத்தில் சிறிது நேரம் நின்றுவிட்டு, பின்னால் வந்த வேறொரு பேருந்தில் ஏறி விடியற்காலையில் அறைக்கு வந்து சேர்ந்துவிட்டேன்.

அம்மா: இதை நேற்று இரவே சொல்லியிருக்க வேண்டாமா? கை, கால் எல்லாம் நன்றாக இருக்கின்றனவா என்று முதலில் எழுது.

அத்தை: அண்ணி, நடந்து வந்திருக்கிறான் என்றால் கை, கால் நன்றாகத்தான் இருக்கும், நான் கேட்க வேண்டியது வேறு. கண்ணா, தலையில் அடிபட்டதா, சற்று நேரம் நினைவு தப்பியதா, வாந்தி வந்ததா, இடுப்பில் பெல்ட் போட்டிருந்தாயா? ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பதில் எழுது.

தம்பி: தலையில் அடி இல்லை, நினைவும் தப்பவில்லை, வாந்தியும் வரவில்லை. பெல்ட் போட்டிருந்தேன். சற்று முன் குளிக்கும்போதுதான் பார்த்தேன், தொப்புளுக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு ஊதா நிறத்தில் ஒரு தடம் இருக்கிறது. இருமினால் வயிறு இழுத்துப் பிடிக்கிறது. பெல்ட் அழுத்தியதால் இருக்கும்.

அத்தை: பெல்ட் அழுத்தியதால்தான், அதனால்தான் எனக்குக் கவலை. பெல்ட் உன் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் வயிற்றின் குறுக்கே தடம் பதியும் அளவுக்கு அழுத்தம் விழுந்திருந்தால், உள்ளே குடலிலோ மண்ணீரலிலோ காயம் பட்டிருக்கிறதா என்று மருத்துவமனையில் பார்த்தே தீர வேண்டும். விபத்து நடந்த வேகத்தில் உடம்பு அட்ரினலினைச் சுரந்து வலியை மறைத்துவிடும் என்பதால், அப்போது ஒருவர் சொல்லும் "எனக்கு ஒன்றும் இல்லை" என்ற சொல்லை வார்டில் நாங்கள் யாரும் நம்புவதில்லை. மண்ணீரலில் ஏற்பட்ட கசிவு சில நாள் கழித்துத் தெரியவருவதும் உண்டு; இடது தோளில் காரணமில்லாமல் வலிப்பதுகூட அதன் அறிகுறியாக இருக்கலாம். நீ வண்டி ஓட்டாதே, யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு இப்போதே கிளம்பு. மருத்துவர் பார்க்கும்வரை எதுவும் சாப்பிடாதே, குடிக்காதே.

தம்பி: சரி அத்தை, அறை நண்பனுடன் கிளம்புகிறேன்.

நான்: அத்தை, நானும் வாரம் தவறாமல் இரவுப் பேருந்தில்தான் போய் வருகிறேன். அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கும் தெரியாது.

அத்தை: முதலில் உன் உடம்பைப் பார், பிறகு மூக்கைத் தீட்டி டீசல் நாற்றமோ புகையோ வருகிறதா என்று பார். வந்தால் பையைத் தேடாமல் இறங்கிவிட வேண்டும். கதவு திறக்காவிட்டால் அவசர வழி. கண்ணாடியைத்தான் உடைக்க வேண்டும் என்றால் சுத்தியலால் நடுவில் அடிக்காமல் மூலையில் அடி, பக்கவாட்டுக் கண்ணாடி பெரும்பாலும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். முன்கண்ணாடி இரண்டு அடுக்காக ஒட்டியது என்பதால் விரிசல்தான் விடும். இறங்கியவர்கள் பேருந்தைச் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பதுதான் பெரிய ஆபத்து, ஏனென்றால் இருட்டில் பின்னால் வரும் வண்டி அந்தக் கூட்டத்தின் மேலேயே ஏறிவிடக்கூடும். சாலைத் தடுப்புக்கு அப்பால் போய் நிற்க வேண்டும்.

நான்: உள்ளே யாராவது சிக்கியிருந்தால் இழுத்து வெளியே கொண்டுவர வேண்டாமா?

அத்தை: தீயோ தண்ணீரோ சூழாதவரை இழுக்காதே, கழுத்தெலும்பு முறிந்தவரைத் தூக்கினால் நாமே அவரை முடக்கிவிடுவோம். பக்கத்தில் உட்கார்ந்து, தலையை அசைக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாலே பெரிய உதவி. இரத்தம் பீறிட்டால் துணியை வைத்து அழுத்து. நின்றதா என்று நொடிக்கொரு முறை எடுத்துப் பார்க்காதே, நனைந்துவிட்டால் அதன் மேலேயே இன்னொரு துணியை வை. குத்தி நிற்கும் கம்பியையோ கண்ணாடியையோ பிடுங்கக் கூடாது. தண்ணீர் கொடுக்கத் துடிப்பார்கள், நல்ல மனதுதான். ஆனால் அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

பெரியப்பா: காப்பீட்டு அலுவலகத்தில் பல ஆண்டுகள் கோப்புகளைப் பார்த்தவன் என்ற முறையில் நானும் ஒன்று சொல்கிறேன். உயிர் காக்கும் வேலை முடிந்தபின், பேருந்தின் பதிவு எண், மோதிய நிலை, சாலை ஆகியவற்றைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அடிபட்டவர்களின் முகத்தைப் படம் எடுக்கவே கூடாது. பக்கத்து இருக்கைக்காரர் ஒருவரின் தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். காவல்துறையினர் எடுக்கும் பயணிகள் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேறு வண்டியில் ஏற வேண்டும். என் மருமகன் அப்படி ஏறிவிட்டதால், அந்தப் பேருந்தில் அவன் இருந்தான் என்பதற்கு இப்போது பயணச்சீட்டைத் தவிர வேறு சான்று இல்லை. இழப்பீடு தருகிறோம் என்று யாராவது ஒரு தாளை நீட்டினால், சிகிச்சை முடியும்வரை கையெழுத்துப் போடக் கூடாது.

அம்மா: தம்பியை மருமகன் ஆக்கிவிட்டீர்களே, அவன் உங்களுக்கு மகன் முறை அல்லவா!

பெரியப்பா: அவசரத்தில் விரல் தவறிவிட்டது அம்மா. தம்பி, மருத்துவரிடம் வெறுமனே வயிற்று வலி என்று சொல்லாதே. பேருந்து விபத்தில் பெல்ட் அழுத்தியது என்று தேதி, நேரத்தோடு சொல், அது குறிப்பேட்டில் ஏற வேண்டும். சீட்டு இருக்கிறதா?

தம்பி (காலை 9.15): சட்டைப் பையில் இருந்தது பெரியப்பா. வியர்வையில் நனைந்து எழுத்தெல்லாம் மங்கிவிட்டது. தேதியும் 23 என்ற இருக்கை எண்ணும் மட்டும் தெரிகின்றன.

பெரியப்பா: அந்த வழவழப்பான தாளில் எழுத்து மேலும் மங்கும். இப்போதே படம் எடுத்து இந்தக் குழுவில் போடு.

தம்பி (காலை 11.50): படம் அனுப்பிவிட்டேன். ஸ்கேனில் இரத்தக் கசிவு எதுவும் தெரியவில்லை என்றாலும், தடம் இருப்பதால் நாளை காலைவரை வைத்திருந்து பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

அம்மா: நான் அடுத்த வண்டியில் கிளம்பி வருகிறேன். சாப்பிட என்ன கொண்டுவரட்டும்?

தம்பி: அவர்கள் சொல்லும்வரை தண்ணீர்கூடக் கூடாதாம் அம்மா, அத்தையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.