கடுவன் பூனைக்குச் சிறுநீர் அடைப்பு, அவசரம் (கல்லடி, மட்டக்களப்பு)

எங்கள் கடுவன் பூனைக்கு நேற்றுக் காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை. வயது 4, கருத்தடை செய்யவில்லை, சாப்பாடு பெரும்பாலும் பைக்கற்றில் வரும் உலர் தீனி, தண்ணீர் குடிப்பது எப்போதுமே குறைவு. மண் தட்டில் போய்ப் போய்க் குந்தி முக்குகிறான், ஒரு சொட்டு வந்தாலும் அதில் இரத்தம். அடிவயிறு கல்லாக இருக்கிறது, தொட்டால் கத்துகிறான், விடியற்காலையில் சத்தியும் எடுத்தான். மீன்காரரின் ஹோர்ன் கேட்டாலே மதிலில் ஏறி நிற்கிற கள்ளன், இன்றைக்குத் தலையைக்கூடத் தூக்கவில்லை.

வழமையாகக் காட்டும் மிருக வைத்தியர் ஊரில் இல்லை. ஞாயிறு என்பதால் அரச வைத்தியசாலையும் பூட்டு. இன்னொருவர் போனில், ஆடு மாடுதான் பார்ப்பேன், பூனைக்குக் குழாய் போட வசதியில்லை என்றார். தண்ணீர் பருக்கிப் பார்த்தோம், அப்படியே வெளியே வந்துவிட்டது. தயவுசெய்து பனடோல் மட்டும் சொல்லாதீர்கள், அது பூனைக்கு நஞ்சு. கடுவனுக்குச் சிறுநீர்க்குழாய் ஒடுக்கம், முழுதாக அடைத்தால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து, அதனால் நாளை வரை பார்த்திருக்க முடியாது.

ஓட்டோ வாசலில் நிற்கிறது, கல்முனை, அக்கரைப்பற்று என்றாலும் சரி. மயக்கம் கொடுத்துக் குழாய் போட்டு அடைப்பை எடுக்கக்கூடிய மிருக வைத்தியர் இன்று எங்கே இருக்கிறார்?