புதுப்பிப்பு: ஃபோக்ஸ்வாகன் போலோ 1.0 டிஎஸ்ஐ கார், கூலன்ட் குறைந்த காரணம் கிடைத்தது

முன்னாடி நான் கேட்டிருந்தது இதுதாங்க: கூலன்ட் (இஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) மெல்லக் குறையுது, தரையில சொட்டு இல்லை, வால்பாறை ஏறி இறங்கினா இன்னும் குறையுது. ஹெட் கேஸ்கெட் (இஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கும்னு சிலர் சொன்னீங்க. அது இல்லை.

இஞ்சின் நல்லா ஆறினபிறகு கூலன்ட் டேங்கில் கைப்பம்பு மாட்டி, ஒன்றரை பார் அழுத்தம் ஏற்றி கால் மணி நேரம் விட்டதில் அழுத்தம் காட்டும் முள் இறங்கியது, அப்போ எங்கோ கசிவு இருக்கு. கசிவு, வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் (சூட்டுக்குத் தக்கபடி கூலன்ட்டுக்கு வழி திறக்கும் வால்வு) சேர்ந்த பிளாஸ்டிக் ஹவுசிங் ஓரத்தில். இந்த வண்டியில் இருக்கும் இஏ211 வகை இஞ்சினில் இது கியர்பாக்ஸ் பக்கம் இருக்கு. கசியறது சூட்டிலேயே காய்ஞ்சுடும், தரைக்கு வராது. டார்ச் அடிச்சுப் பாருங்க, ஹவுசிங்குக்குக் கீழே இளஞ்சிவப்புப் பொருக்கு தட்டியிருக்கும்.

பம்பு, கேஸ்கெட், பம்பை ஓட்டும் சின்னப் பல் பெல்ட் மூணும் புதுசு போட்டாச்சு. பெல்ட்டில் மிச்சம் பிடிக்காதீங்க, அது அறுந்தா பம்பு நின்னுடும், இஞ்சின் கொதிச்சுடும்.

ஊத்தினது ஜி12 எவோ (ஃபோக்ஸ்வாகன் கூலன்ட் வகை), டிஸ்டில்டு வாட்டர் பாதிக்குப் பாதி. இதோட பச்சை கூலன்ட் கலக்கவே கூடாது. சாதாரணத் தண்ணியும் ஊத்தாதீங்க. அவிநாசி, பல்லடம் பக்கத்து போர் தண்ணி உப்பு, ரேடியேட்டரில் காரை கட்டும். சிறுவாணித் தண்ணி குடிக்க அமிர்தம்தான், வண்டிக்கு அதுவும் வேண்டாம்.

கூலன்ட் குழாய்களில் சிக்கின காற்றை எடுக்க வேக்குவம் ஃபில்லர் (காற்றை உறிஞ்சிட்டு கூலன்ட் நிரப்பும் கருவி) இருந்தா வேலை சுலபம். இல்லைன்னா ஹீட்டரை முழுச் சூட்டில் வச்சு, ரேடியேட்டர் ஃபேன் ஓடும்வரை இஞ்சினை ஐடிலில் விடுங்க. ஆறினபிறகு மட்டம் பார்த்து நிரப்புங்க. சூட்டோட மூடியைத் திறக்காதீங்க.