மண்சரிவு: முதல் பணம் எச்சரிக்கைக்கா, மாற்றுக் காணிக்கா?

நமுனுகுலை (கேள்வி):
2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயலில் 600-க்கும் மேற்பட்டோரை இழந்த இலங்கையில், அனர்த்தத் தயார்நிலைக்கென ஒதுக்கப்படும் பணம் முதலில் எங்கே போக வேண்டும்? மழைமானிகளுக்கும் எச்சரிக்கை ஏற்பாடுகளுக்குமா, மலையகத்தில் அபாய வலயத்திலுள்ள குடும்பங்களை வேறிடத்தில் குடியமர்த்துவதற்கா? இரண்டும் தேவை என்பதை அறிவேன்; முதலில் எது என்பதைக் காரணத்துடன் கூறினால் நன்றியுடையவனாவேன்.

பேரேடு:
சிறிய செலவில் பெரிய பயன் தருவது எச்சரிக்கைதான். மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோலின்படி, 24 மணித்தியாலத்தில் மழை 75 மி.மீ. தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் வெளியேற்றம். இதை அளக்க ஊருக்கு ஒரு மழைமானியும் அதைப் பார்க்கத் தெரிந்த ஒருவரும் போதும். 2014-இல் உலக வங்கியுடன் அரசு செய்துகொண்ட 10.2 கோடி டொலர் அவசரகாலக் கடன் ஏற்பாடு 2016 வெள்ளத்தின்போது கைகொடுத்தது உண்மையே. ஆயினும் அது வீடு இடிந்த பிறகு வரும் பணம், அதுவும் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன்.

ஏழாம் நம்பர் மலை:
ஐயா சொல்லும் மழைமானி எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) முனையிலும் இருக்கிறது. ஓர் ஐப்பசி இரவில் இரண்டு மணிக்கு டோர்ச் அடித்துப் பார்த்தபோது தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தது. பிள்ளைகளைப் போர்வையில் சுற்றிக்கொண்டு பாடசாலைக்கு ஏறினோம். மூன்றாம் நாள் மழை விட்டதும், சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விழுந்திருந்த அதே அறைக்குத்தான் திரும்பி வந்தோம். வேறு எங்கே போவது?

2014 ஒக்டோபர் 29 அன்று மண்ணில் புதைந்த கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்துக்கு 2005-இலும் 2011-இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. தப்பியவர்களில் பல குடும்பங்கள் மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையில் இரண்டு ஆண்டுகள் காத்திருந்த பிறகே, 2016-இல் புது வீடுகள் கிடைத்தன. அந்த வீடுகளை 2011-இலேயே கட்டியிருந்தால், குடியேற அத்தனை பேரும் உயிரோடு இருந்திருப்பார்கள்.

பேரேடு:
ஏற்றுக்கொள்கிறேன், போக இடமுள்ளவருக்கே எச்சரிக்கை முழுப் பயன் தரும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. தோட்டக் காணி அரசுடையது, ஆனால் 1992 முதல் பெரும்பாலானவற்றைக் கம்பனிகள் குத்தகைக்கு எடுத்து நிர்வகிக்கின்றன. ஆகவே மண் பரிசோதனை, நில அளவை, குத்தகையிலிருந்து காணியை விடுவித்தல், குடும்பத்தின் பெயரில் காணி உறுதி எழுதுதல் ஆகியவற்றுக்கே முதல் ஒதுக்கீடு போக வேண்டும். மாதக்கணக்கில் இழுபடுவது இந்த வேலைதான். அது முடிந்த காணி கையில் இருந்தால், வீட்டுக்கான நிதி வந்த மறுநாளே அத்திவாரம் வெட்டலாம்.