ஹைஸ்கூல் முழுவதும் வீட்டில்: டிரான்ஸ்கிரிப்ட் தயாரித்த அனுபவம், நீங்களும் எழுதுங்கள்

எங்கள் பையன் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை வீட்டில் படித்துவிட்டு இந்த வருடம் கல்லூரியில் சேர்கிறான். டெக்சாஸில் இருக்கிறோம். இங்கே ஹோம்ஸ்கூல் என்பது சட்டப்படி ஒரு தனியார் பள்ளிக்குச் சமம். 1994-ல் மாநில உச்ச நீதிமன்றமே அப்படித் தீர்ப்பளித்துவிட்டது. மாநில அரசு நம்மிடம் எந்தக் காகிதமும் கேட்காது. நமக்கு எந்தக் காகிதமும் தரவும் தராது. ஊரிலிருந்து போனில் பேசிய சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டது இதைத்தான்: "எல்லாம் சரி, சர்டிபிகேட் யார் கொடுப்பா?" நாங்கள்தான். டிப்ளமாவும் (பள்ளி முடித்த சான்றிதழ்) டிரான்ஸ்கிரிப்டும் (நான்கு வருடப் பாடங்கள், கிரேடுகளின் பட்டியல்) அப்பா அம்மா கையெழுத்தில் போகின்றன, கல்லூரிகளும் ஏற்றுக்கொள்கின்றன.

எட்டாவது முடிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு நான் முதலில் சொல்வது: டிரான்ஸ்கிரிப்டைப் பன்னிரண்டாம் வகுப்பில் உட்கார்ந்து எழுதலாம் என்று விடாதீர்கள். ஒன்பதாம் வகுப்பு தொடங்கும் வாரத்திலேயே ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, செமஸ்டர் முடிய முடிய நிரப்புங்கள். எந்தப் புத்தகம், எத்தனை அத்தியாயம், என்ன பரீட்சை, எந்த லேப் என்று அப்போதே எழுதி வைத்தால் அது சான்று. நான்கு வருடம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் வெறும் ஊகம்.

திட்டமிடும்போது வரிசை முக்கியமான பாடங்களை முதலில் எடுங்கள். கணக்குதான் அதில் பெரியது. ஆல்ஜீப்ரா 1, ஜியாமெட்ரி, ஆல்ஜீப்ரா 2, பிரீகால்குலஸ், அப்புறம்தான் கால்குலஸ். இன்ஜினியரிங் ஆசை இருந்து பன்னிரண்டாவதில் கால்குலஸ் வேண்டுமென்றால், ஆல்ஜீப்ரா 1 எட்டாவதிலேயே முடிந்திருக்க வேண்டும்; இல்லையென்றால் நடுவில் ஒரு வருடம் இரண்டு கணக்குப் பாடத்தைச் சேர்த்துப் படிக்க வேண்டும். அடுத்தது மொழி. ஒரே மொழியை இரண்டு மூன்று வருடம் தொடர்ந்து படித்ததைத்தான் கல்லூரிகள் பார்க்கின்றன. லேப் உள்ள அறிவியலும் அப்படித்தான், கடைசி வருடத்தில் அவசரமாகச் சேர்க்க முடியாது. வரலாறு, அரசியல், பொருளாதாரம் எல்லாம் எந்த வருடத்தில் வந்தாலும் சரி.

ஒரு கிரெடிட், அதாவது ஒரு பாடத்தை ஒரு வருடம் படித்ததற்கான அலகு, ஏறத்தாழ 120 மணி நேரம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கார்னகி யூனிட் கணக்கு அது, இன்றும் ஓடுகிறது. பாடப்புத்தகம் வைத்துப் படிக்கும் பாடங்களுக்கு நிமிடம் எண்ணத் தேவையில்லை, புத்தகத்தின் பெரும்பகுதியை முடித்தால் ஒரு கிரெடிட் போடலாம். மணிக்கணக்கு எழுதி வைக்க வேண்டியது புத்தகம் இல்லாத பாடங்களுக்கு. வீட்டுப் படிப்பில் பிள்ளை உண்மையிலேயே மலர்வதும் அங்கேதான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பையனுக்குப் பத்தாவதில் ஹாம் ரேடியோ (உரிமம் வாங்கிக்கொண்டு ஆர்வத்துக்காக ரேடியோ அலையில் பேசுவது) மேல் ஆசை வந்தது. முதல் நிலை உரிமமான டெக்னீஷியன் தேர்வில் 35 கேள்விகள், 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. வயது வரம்பு கிடையாது. அதை எழுதினான், அடுத்த நிலையான ஜெனரலையும் எழுதினான். பின்கட்டில் 20 மீட்டர் அலைவரிசைக்கு ஒரு டைபோல் ஆன்டெனா (நடுவிலிருந்து இரண்டு பக்கமும் நீளும் கம்பி) கட்டினான். கணக்குப் போட்டால் நீளம் சுமார் 33 அடி வருகிறது. ஆனால் கம்பியை வேண்டுமென்றே கொஞ்சம் நீளமாக வெட்டி, மேலே ஏற்றி, மீட்டரில் அளந்து, இறக்கி, இரண்டு பக்கமும் சமமாக ஒரு துண்டு நறுக்கி, மறுபடி ஏற்றி அளந்தான். ஒவ்வொரு அளவையும் நோட்டில் குறித்தான். தரையிலிருந்து கம்பி இருக்கும் உயரமும் பக்கத்து மரங்களும் கணக்கை மாற்றுகின்றன என்பது அந்த நோட்டைப் பார்த்தாலே தெரியும்.

இதை டிரான்ஸ்கிரிப்டில் "ஹாம் ரேடியோ" என்று போட்டால் பொழுதுபோக்கு மாதிரித் தெரியும். "எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் ரேடியோ கம்யூனிகேஷன், 0.5 கிரெடிட்" என்று போட்டோம். கூடவே அனுப்பும் கோர்ஸ் டிஸ்கிரிப்ஷனில் (பாட விவரக் குறிப்பு) ஓம் விதி, மின்மறுப்பு, அலைநீளம், அயனி மண்டலத்தில் அலைகள் திரும்பும் விதம் என்று படித்ததைச் சொல்லி, ஆன்டெனா அளவீட்டு நோட்டையும் இரண்டு உரிமங்களையும் மதிப்பீடாகக் காட்டினோம். உரிமம் வழங்கும் அமெரிக்க அரசு ஆணையமான எஃப்சிசி கொடுத்த அழைப்புக் குறியீட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் சரிபார்க்கலாம். அம்மா போட்ட 'ஏ' கிரேடுக்கு இதைவிட நல்ல துணை கிடைக்காது.

கிரேடு விஷயத்தில் தயங்காதீர்கள், ஆனால் அளவுகோலை எழுதி வையுங்கள். 90-க்கு மேல் ஏ, 80-க்கு மேல் பி என்று டிரான்ஸ்கிரிப்டின் அடியிலேயே போடுங்கள். ஜிபிஏ (கிரேடு சராசரி) வெயிட்டடா, அதாவது கடினமான பாடத்துக்குக் கூடுதல் புள்ளி சேர்த்ததா, அன்வெயிட்டடா என்பதையும் சொல்லிவிடுங்கள். எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கட்டும்.

ஏபி (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடங்கள்) பற்றி ஒரு எச்சரிக்கை. பாடத்தின் பெயரில் 'ஏபி' என்று போட, அதை நடத்தும் காலேஜ் போர்டிடம் சிலபஸ் கொடுத்து ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். ஒப்புதல் இல்லாமலும் பரீட்சை எழுதலாம். அப்போது பாடத்தை வெறும் 'கெமிஸ்ட்ரி' என்று போட்டு, மதிப்பெண்ணைத் தனியாகக் காட்டுங்கள். பரீட்சை மே மாதம் நடந்தாலும் பள்ளிகள் நவம்பர் நடுவிலேயே வினாத்தாளுக்கு ஆர்டர் கொடுத்துவிடும். வெளி மாணவரைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளியை ஆகஸ்டிலேயே தேடத் தொடங்குங்கள், பல பள்ளிகள் முடியாது என்றுதான் சொல்லும்.

பையன் ஹைஸ்கூலில் இருக்கும்போதே கம்யூனிட்டி காலேஜ் (உள்ளூர் இரண்டு வருடக் கல்லூரி) வகுப்புகளும் எடுத்தான். வெளியார் போடும் கிரேடு என்பதால் மதிப்பு அதிகம். ஆனால் அந்த கிரேடு ஆயுளுக்கும் கூட வரும். வயது பதினாறுதானே என்று நாம் போன் பண்ணி மார்க் கேட்க முடியாது, கல்லூரியில் சேர்ந்தபின் சட்டப்படி அந்த உரிமை மாணவருடையது. பேராசிரியருக்குத் தானே மின்னஞ்சல் எழுதும் பழக்கம் வந்த பிள்ளையை மட்டும் அனுப்புங்கள்.

பதில்: பென்சில்வேனியாவிலிருந்து ஓர் அப்பா

நன்றி சகோதரி. எங்கள் மாநிலம் உங்களுடையதற்கு நேர் எதிர். இங்கே ஹைஸ்கூல் முடிக்க ஆங்கிலம் நான்கு வருடம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் தலா மூன்று வருடம், கலை மற்றும் மானுடப் பாடங்கள் (ஹியூமானிட்டீஸ்) இரண்டு வருடம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. வருடா வருடம் பிள்ளை செய்த வேலைகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவை ஒரு இவாலுவேட்டர் (மதிப்பீட்டாளர்) பார்த்துக் கடிதம் கொடுப்பார். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. இப்போது பெண்ணின் கோப்பைத் திறந்தால் நான்கு வருடக் கட்டுரைகளும் லேப் குறிப்புகளும் தேதியோடு இருக்கின்றன, கோர்ஸ் டிஸ்கிரிப்ஷன் அதிலிருந்தே எழுந்து வந்துவிட்டது. கட்டாயம் இல்லாத மாநிலத்தில் இருப்பவர்களும் இப்படி ஒரு கோப்பு வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, மொழிக்கு நாங்கள் தமிழைத்தான் போட்டோம். வீட்டில் பேசுவதற்கெல்லாம் கிரெடிட் போடவில்லை. வாரம் ஒரு கட்டுரை, திருக்குறளில் தேர்ந்தெடுத்த அதிகாரங்கள், சிறுகதைகள், இலக்கணம், தாத்தாவிடம் பேட்டி எடுத்து அதை எழுத்து வழக்குக்கு மாற்றுவது என்று மூன்று வருடம் நடந்தது. கடைசியில் ஸ்டாம்ப் என்ற மொழித்திறன் தேர்வில் எழுதும் பகுதியையும் பேசும் பகுதியையும் தமிழில் எழுதினாள். நம் பிள்ளைகள் ஸ்பானிஷ் படித்தால்தான் கிரெடிட் என்று நினைக்காதீர்கள்.

பதில்: ஒரு நீச்சல் வீராங்கனையின் அம்மா

அக்கா, விளையாட்டில் கல்லூரிக்குப் போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் மேல்நிலைப் பிரிவான டிவிஷன் 1-க்கு 16 கோர் (அடிப்படை) பாடங்கள் வேண்டும், அதில் 10 பாடங்கள் பதினொன்றாம் வகுப்பு முடிவதற்குள் முடிந்திருக்க வேண்டும். ஹோம்ஸ்கூல் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு கோர் பாடத்துக்கும் தனி விவரப் படிவம் கேட்கிறார்கள்: புத்தகம், மதிப்பீட்டு முறை, யார் கற்பித்தது என்று. அதனால் ஒன்பதாவதிலேயே அந்தப் படிவத்தைப் பார்த்துவிடுங்கள்.

எனக்கு ஒரு கேள்வி. காமன் ஆப்பில் (பல கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பம்) பள்ளி கவுன்சிலர் இடத்தில் அம்மா பெயரைப் போட்டால், கவுன்சிலர் கடிதத்தில் என்னதான் எழுதுவது? என் பெண்ணை நானே எப்படிப் பாராட்ட?

பதில்: முதலில் எழுதியவர்

பாராட்டவே வேண்டாம்மா. அந்த வேலையைக் கம்யூனிட்டி காலேஜ் பேராசிரியரும் நீச்சல் பயிற்சியாளரும் செய்யட்டும். கவுன்சிலர் கடிதத்தில் நான் எழுதியது, ஏன் வீட்டுப் படிப்பைத் தேர்ந்தெடுத்தோம், பாடங்களை எப்படி முடிவு செய்தோம், பையன் எதில் தானாக முடிவெடுத்தான் என்பதுதான். அந்த ஆன்டெனா நோட்டுக்கு ஒரு பத்தி. ஸ்கூல் ப்ரொஃபைல் என்று இன்னொரு பக்கம் கேட்பார்கள். கிரெடிட் எப்படிக் கணக்கிட்டீர்கள், கிரேடு அளவுகோல் என்ன, வெளியில் எங்கே படித்தாள் என்பதெல்லாம் அதில் போகட்டும், கடிதத்தில் திரும்பச் சொல்ல வேண்டாம். கவுன்சிலர் என்ற முறையில் வருட நடுவில் ஒரு அறிக்கையும், பன்னிரண்டாவது முடிந்ததும் இறுதி டிரான்ஸ்கிரிப்டும் அனுப்ப வேண்டும். அதில் ஹைஸ்கூல் முடித்த தேதியும் உங்கள் கையெழுத்தும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். கம்யூனிட்டி காலேஜ் டிரான்ஸ்கிரிப்டை மட்டும் அந்தக் கல்லூரியே நேராக அனுப்ப வேண்டும், அதற்கு உங்கள் பெண்தான் விண்ணப்பிக்க முடியும்.