மாஹே, ஏனாம் போன் கால்களை மொழி பார்த்துப் பிரிப்பது எப்படி?

நெல்லித்தோப்பு_நெட்:
புதுச்சேரியில் 9 பேர் கால் சென்டர், வீட்டுச் சாதன சர்வீஸ் புகார்கள். காரைக்கால், மாஹே, ஏனாம் கால்களும் இங்கேதான் வரும். தமிழ் எல்லோருக்கும் தெரியும், மலையாளம் 2 பேருக்கு, தெலுங்கு ஒருவருக்கு. ஆஸ்டரிஸ்கில் (கால்களைப் பிரித்து அனுப்பும் மென்பொருள்) ஒரே க்யூ (காத்திருப்பு வரிசை), லீஸ்ட் ரீசென்ட் முறை (பேசி அதிக நேரம் ஆனவருக்கே அடுத்த கால்). தெலுங்குக்காரர் தமிழ் காலில் மாட்டிக்கொள்ள, ஏனாம் கஸ்டமர் காத்துக் கிடக்கிறார். சீட்டில் இல்லாதவருக்கே போன் திரும்பத் திரும்ப அடிக்கிறது. தெலுங்குக்கு மணிக்கு 6 கால், சராசரி 4 நிமிடம். ஒரு ஆள் போதும்தானே?

முதுநகர்_சிப்:
இரண்டாவது சிக்கல் சுலபம். லீஸ்ட் ரீசென்ட் முறை பார்ப்பது கடைசியாகப் பேசி முடித்த நேரத்தை. எடுக்காமல் விட்ட கால் அந்தக் கணக்கில் சேராது, அதனால் மறுபடியும் அவரே முதல் ஆள். 'ஆட்டோபாஸ்' போடுங்க; ஒரு கால் தவறினாலே ஆள் பாஸ் (தற்காலிக நிறுத்தம்) ஆகிவிடுவார், அவருக்குக் கால் போகாது. திரும்பி வந்ததும் அவரே பாஸை எடுக்க போனில் அழுத்தும் ஒரு கோடு வையுங்க, இல்லையென்றால் மதியம் முழுக்க பாஸிலேயே கிடப்பார்.

மொழிக்கு மூன்று க்யூ. தெலுங்குக்காரருக்குத் தெலுங்கு க்யூவில் பெனால்டி (எண் குறைந்தவருக்கே முதலில் கால்) 0, தமிழ் க்யூவில் 5. மலையாளத்துக்கும் இதே மாதிரி. பெனால்டி குறைந்த தமிழ் ஆட்கள் எல்லோரும் பிஸியானால்தான் தமிழ் கால் இவர்களிடம் வரும். தெலுங்கு, மலையாள க்யூக்களுக்கு 'வெயிட்' (முன்னுரிமை எடை) கூட்டி வையுங்க. ஆள் காலியானதும் அந்தக் கால்தான் முதலில் போகும்.

பலரும் கோட்டை விடுவது இங்கேதான்: ஒருவர் இரண்டு க்யூவில் இருந்தால் 'ஷேர்டு லாஸ்ட்கால்' (கடைசிக் கால் முடிந்த நேரத்தை எல்லா க்யூவும் பகிர்வது) போட வேண்டும். போடாவிட்டால் தமிழ் கால் முடிந்து புகாரை டைப் அடித்துக்கொண்டிருக்கும்போதே தெலுங்கு க்யூ மணியடிக்கும். ரேப்-அப் நேரம் (கால் முடிந்தபின் எழுதி முடிக்கும் இடைவெளி) 20 நொடி கொடுத்திருந்தாலும் இன்னொரு க்யூவுக்கு அது தெரியாது.

கணக்குப்பிள்ளை:
ஒரு ஆள் போதாதுங்க. 6 கால் × 4 நிமிடம் = 24 நிமிடம், அதாவது 0.4 எர்லாங் (ஒரு ஆளுக்கு மணி முழுக்கப் பேச்சு என்றால் 1 எர்லாங்). மணியில் 36 நிமிடம் சும்மா இருக்கிறாரே என்று தோன்றும். காத்திருப்பைக் கணிக்கும் எர்லாங்-சி சூத்திரத்தில் போட்டால் 40% கால்கள் காத்திருக்கும். எல்லாக் காலுக்கும் சேர்த்துச் சராசரி 160 நொடி. இரண்டாவது ஆள் வந்தால் சராசரி 10 நொடிதான். கால் சீராக இடைவெளி விட்டு வருவதில்லை, ஒன்றன் மேல் ஒன்று விழும். இந்தக் கணக்கும் அவர் தெலுங்கு மட்டும் எடுத்தால்தான். தமிழ் காலும் எடுத்தால் இன்னும் மோசம். ரேப்-அப் நேரத்தையும் அந்த 4 நிமிடத்துக்குள் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். ஆள் போட முடியாவிட்டால் 60 நொடிக்கு மேல் காத்திருப்பவரின் நம்பரைப் பதிந்து திருப்பிக் கூப்பிடுங்க.

நெல்லித்தோப்பு_நெட்:
மொழியை எப்படிக் கண்டுபிடிப்பது? எஸ்.டி.டி. கோடு போதுமா?

முதுநகர்_சிப்:
லேண்ட்லைனுக்குப் போதும். 0413 புதுச்சேரி, 04368 காரைக்கால், 0490 மாஹே, 0884 ஏனாம். 0490-இல் தலச்சேரியும் 0884-இல் காக்கிநாடாவும் வரும், மொழி அதேதான், பரவாயில்லை. மொபைல் நம்பரை வைத்து ஊர் சொல்ல முடியாது. 2011-லிருந்து நம்பர் மாற்றாமலே கம்பெனி மாறலாம், ஆளும் ஊர் மாறியிருப்பார். முதல் தடவை மட்டும் 1 தமிழ், 2 மலையாளம், 3 தெலுங்கு என்று கேட்டு, பதிலை அந்த நம்பரோடு டேட்டாபேஸில் சேமியுங்க. அடுத்த தடவை நேராக அந்த க்யூ. வீட்டில் வேறு ஒருவர் அதே போனில் பேசலாம், அதனால் மொழி மாற்ற 9 என்று ஒரு வழி இருக்கட்டும்.

பட்டன் அழுத்தியும் பிடிக்கவில்லை என்று புகார் வந்தால் டி.டி.எம்.எஃப். (பட்டன் அழுத்தும்போது போகும் டோன்) அமைப்பைப் பாருங்க. குரலைச் சுருக்கி அனுப்பும் ஜி.729 கோடெக்கில் இன்பேண்ட் (டோனைக் குரலோடே அனுப்புவது) வைத்திருந்தால் டோன் சிதைந்துதான் போகும். டோனைக் குரலிலிருந்து தனியாக அனுப்பும் ஆர்.எஃப்.சி. 4733 முறைக்கு மாற்றுங்க, டிரங்க் (வெளி இணைப்பு) கொடுப்பவர் பக்கமும் அதுவே இருக்க வேண்டும்.