குறைந்த செலவில் ஃபர்ம்வேர் கற்க எந்த போர்டு வாங்கலாம்?

கேள்வி: நூற்பாலை_கோவை

டிப்ளமோ ட்ரிபிள் ஈ முடித்துவிட்டு கோயம்புத்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறேன். சி மொழியில் பாயிண்டர் வரை புரியும். ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஏற்றி ஓட்டும் புரோகிராம்) எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும், கையில் 1,500 ரூபாய்தான் இருக்கிறது. அர்டுயினோ ஊனோ போர்டு போதும் என்கிறார் ஒருவர், எஸ்டிஎம்32 சிப் தெரியாமல் வேலையே கிடைக்காது என்கிறார் இன்னொருவர். வீடியோக்களில் லைப்ரரியைச் சேர்த்து நாலு வரியில் சென்சாரை ஓட்டிக் காட்டிவிட்டு முடித்துவிடுகிறார்கள். சிப்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் எனக்கு ஆசை. எதை வாங்கலாம்?

பதில்: ரெஜிஸ்டர்_ராஜா

ராஸ்பெர்ரி பை பைக்கோ போர்டு இரண்டு வாங்குங்கள். ஒன்றில் உங்கள் புரோகிராம் ஓடும், மற்றதில் அவர்களே இலவசமாகத் தரும் டீபக்புரோப் ஃபர்ம்வேரை ஏற்றினால் அதுவே டீபக்கர் (ஓடும் புரோகிராமை நிறுத்திப் பார்க்கும் கருவி) ஆகிவிடும். 2021 இல் வெளியானபோதே ஒன்றின் விலை 4 டாலர்தான். டீபக்கர் கையில் இருந்தால் எந்த வரியிலும் சிப்பை நிறுத்தி ரெஜிஸ்டரில் (சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவிடம்) என்ன மதிப்பு இருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம், நீங்கள் கேட்ட "உள்ளே என்ன நடக்கிறது" அங்கேதான் இருக்கிறது.

முதல் வேலையாக, எஸ்டிகே (அவர்கள் தரும் ரெடிமேட் லைப்ரரி) இல்லாமல் டேட்டாஷீட்டை (சிப்பின் விவரக் கையேடு) மட்டும் வைத்துக்கொண்டு சிப்பின் ஜிபிஐஓ 25 ஆம் பின்னில் இருக்கும் எல்இடியை எரிய வையுங்கள். பவர் வந்தவுடன் பைக்கோவின் சிப்பான ஆர்பி2040 இல் பெரும்பாலான பெரிஃபரல்கள் (பின், டைமர் போன்றவற்றைக் கவனிக்கும் பகுதிகள்) ரீசெட்டிலேயே கிடக்கும், விடுவிக்காமல் எழுதினால் ஒன்றும் நடக்காது. விடுவித்து, பின்னின் ஃபங்ஷனை 5 (புரோகிராமே நேராகப் பின்னை இயக்கும் வகை) என்று மாற்றி, அவுட்புட் ஆக்கி, அப்புறம்தான் விளக்கு எரியும். இரண்டு மூன்று நாள் போனாலும் பரவாயில்லை, அதற்குப் பிறகு எந்த கம்பெனி சிப்பின் டேட்டாஷீட்டும் பயமுறுத்தாது. வைஃபை உள்ள பைக்கோ டபிள்யூ இதற்கு வேண்டாம், அதில் எல்இடி வைஃபை சிப்போடு இணைந்திருக்கிறது.

பதில்: எட்டுபிட்_மணி

டீபக்கர் விஷயத்தில் ராஜா சொல்வது சரி, ஊனோவில் டீபக்வயர் (அதன் சிப்பை டீபக் செய்யும் வழி) பயன்படுத்த போர்டில் ஒரு டிரேஸையே (செப்புக் கோடு) வெட்ட வேண்டியிருக்கும். ஆனாலும் ஊனோவை ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை. அதன் சிப்பான ஏடிமெகா328பி யில் டிடிஆர்பி, போர்ட்பி என்ற இரண்டு ரெஜிஸ்டர் தெரிந்தால் 13 ஆம் பின் விளக்கு எரியும். ராம் 2 கேபிதான் என்பதால் ஒவ்வொரு பைட்டையும் யோசித்துச் செலவழிப்பீர்கள்.

இன்ட்டரப்ட் (ஓடும் வேலையை இடையில் நிறுத்தி வேறு ஃபங்ஷனை ஓட்டுவது) படிக்கும்போது இதைச் செய்து பாருங்கள். இன்ட்டரப்ட் கூட்டிக்கொண்டே போகும் எண்ணை மெயின் லூப்பில் படியுங்கள். வோலடைல் (மதிப்பு எப்போதும் மாறலாம் என்று கம்பைலருக்குச் சொல்லும் சொல்) போடாமல் ஆப்டிமைசேஷன் வைத்தால், கம்பைலர் அந்த எண் மாறவே மாறாது என்று எடுத்துக்கொண்டு லூப்பை முடிவில்லாமல் சுற்ற விட்டுவிடலாம். வோலடைல் போட்டாலும் தொல்லை தீராது, இது 8 பிட் சிப், 16 பிட் எண்ணை இரண்டு தடவையாகத்தான் படிக்கும். 255 இலிருந்து 256 க்கு மாறும் நொடியில் இடையில் இன்ட்டரப்ட் வந்தால், கீழ்ப் பாதியைப் பழைய 255 ஆகவும் மேல் பாதியைப் புதிய 256 ஆகவும் எடுத்து 511 என்று படித்துவிடலாம். படிக்கும் அந்தக் கணம் மட்டும் இன்ட்டரப்ட்டை நிறுத்தி வைக்க வேண்டும்.

நூற்பாலை_கோவை

நன்றி அண்ணா, இரண்டு பைக்கோ வாங்கிவிடுகிறேன். மில்லில் கழற்றிப் போட்ட ப்ராக்ஸிமிட்டி சென்சார் (பொருள் அருகில் வந்தால் சிக்னல் தரும்) ஒன்று இருக்கிறது, 24 வோல்ட். அதை வைத்து ஆர்பிஎம் எண்ணலாமா?

பதில்: ரெஜிஸ்டர்_ராஜா

தாராளமாக, நல்ல புராஜெக்ட். ஆனால் நேராகப் பின்னில் கொடுத்துவிடாதீர்கள், பைக்கோ 3.3 வோல்ட், 5 வோல்ட்டையே தாங்காது. நடுவில் பிசி817 ஆப்டோகப்ளர் (வெளிச்சத்தால் சிக்னலைக் கடத்தி இரண்டு பக்கத்தையும் பிரித்து வைக்கும் பாகம்) போட்டு, 24 வோல்ட் பக்கம் அதற்குள் இருக்கும் எல்இடிக்கு 2.2 கே ரெசிஸ்டர் வையுங்கள். சென்சார் பிஎன்பியா (அவுட்புட்டில் பிளஸ் தரும்) என்பிஎன்னா (அவுட்புட்டை மைனஸுக்கு இழுக்கும்) என்று லேபிளில் பார்த்துவிட்டு ஒயர் கொடுங்கள்.