புதுப்பிப்பு: அலுமாரி நிறைய உடுப்பு என்று புலம்பியவள்தான்

மூன்று மாதத்துக்கு முன், "அலுமாரி நிறைய உடுப்பு, ஆனால் எதுவும் என்னுடையது மாதிரி இல்லை" என்று எழுதியிருந்தேன். உனக்கென்று ஒரு பாணி வேண்டுமென்றால் சிநேகிதிகளைக் கவனி, பழைய புத்தகங்களைப் புரட்டு, எங்காவது போய் வா என்றீர்கள். சரி, மூன்றையும் செய்து பார்த்தேன்.

புத்தகம்தான் முதலில் கைகொடுத்தது. அம்மம்மாவின் பெட்டகத்தில் அட்டை கழன்ற ஒரு தையல் புத்தகம். ஓரங்களில் பென்சிலால் அவர் எழுதிய சட்டை அளவுகள்: முழங்கை வரை வரும் கை, கழுத்தில் ஒரு விரல் அகலப் பட்டி. தையல்கார அக்காவிடம் காட்டினேன். "இப்ப ஆர் பிள்ளை இப்பிடிப் போடுகினம்?" என்று சிரித்தார், தைத்தும் தந்தார். கக்கத்தில் பிடித்தது. பிரித்துத் தைக்க இன்னொரு கிழமை போனது.

நிறம் நெடுந்தீவில் கிடைத்தது. யாழ்ப்பாணத்தின் குறிகட்டுவான் துறையில் படகேறிப் போனால், அங்கே வேலிக்குப் பதில் பவளக்கல் அடுக்கிய மதில்கள். வெயிலில் வெளிறிய அந்தச் சாம்பல் வெள்ளை! அதே சாயலில் ஒரு கைத்தறிச் சீலை வாங்கிவிட்டேன்.

சிநேகிதியின் பெரிய தோடு எனக்குச் சரிவரவில்லை. ஆனால் சீலையை உயர்த்திச் செருகிக்கொண்டு சைக்கிள் ஓடும் அவளுடைய பழக்கம் ஒட்டிக்கொண்டது. நேற்று நல்லூருக்கு அப்படித்தான் போனேன். தோட்டை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.